பாட்டு ஏன் நின்றது?

பாதியிலே நின்றுபோன பாட்டுக்கு உலகம் இரண்டே இரண்டு காரணங்களைத்தான் சொல்லிப் பழகியிருக்கிறது. மேடை சரிந்தது, மின்சாரம் தாக்கியது, தீப்பற்றியது என்றால், "விதி!" என்று பெருமூச்சு விடுகிறது. பாடகன் சினந்தெழுந்தான், உடன் வாசித்தவனை அடித்தான், ஒலிவாங்கியை வீசிவிட்டு வெளியேறினான் என்றால், "மேதைக்கு அப்படித்தான் கோபம் வரும்!" என்று புன்னகை பூக்கிறது. முன்னதற்குக் கண்ணீர், பின்னதற்குக் கைதட்டல். இரண்டுக்கும் விசாரணை மட்டும் கிடையாது.

வேறு வேறு திசையிலிருந்து வருவனபோலத் தோன்றினாலும், இவ்விரு சொற்களும் செய்கிற வேலை ஒன்றுதான். கேள்வி கேட்க வாயெடுப்பவனை அவை அடக்கிவிடுகின்றன. "விதி" என்றதும், கம்பியைச் சரிபார்க்காதவன் தப்பிவிடுகிறான். "மேதையின் கோபம்" என்றதும், காசு கொடுத்துக் காத்திருந்த ஆயிரமாயிரம் பேரை ஏமாற்றியவன் தப்பிவிடுகிறான். ஆகவே, மேலை நாட்டு இசைக்குழுக்களின் மேடைகளில் நடந்த சில நிகழ்ச்சிகளை எடுத்து வைத்துக்கொண்டு, பாட்டு நிற்கும்போது யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்று ஆராய்ந்து பார்ப்போம்.

கனடா நாட்டு மாண்ட்ரியால் நகரம், ஒலிம்பிக் விளையாட்டரங்கம், 1992ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 8ஆம் நாள். பல்லாயிரவர் திரண்டிருந்தனர். ஒரே மேடையில் இரு பெரும் 'ராக்' இசைக்குழுக்கள்: முதலில் மெட்டாலிகா, பின்னர் கன்ஸ் அண்ட் ரோசஸ். மேடையில் தீப்பிழம்பு கக்கும் கருவிகளை வைத்துக் காட்சிக்கு அழகூட்டுவது அக்காலத்து வழக்கம். அன்று அக்கருவிகளின் அமைப்பில் மாறுதல் செய்திருந்தார்கள். புதியன சேர்க்கப்பட்டன, பழையனவும் இருந்தன. பழையனவும் வெடிக்கும் என்பது பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டுக்குத் தெளிவாகப் புரிந்திருக்கவில்லை. பாடிக்கொண்டே நடந்தவர் பிழம்புக்குள்ளேயே அடியெடுத்து வைத்தார். கை வெந்தது. பாட்டு நின்றது. அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். குழுவினர் மேடைக்கு வந்து, தொடர இயலாத நிலையைக் கூறினர். மற்றொரு நாள் வந்து பாடுவதாக வாக்களித்தனர். கூட்டம் கேட்டது; வருந்தியது; அடுத்த குழுவுக்காகக் காத்திருந்தது.

எவ்வளவு நேரம்? இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக! வராதோ என்றிருந்த குழு வந்தது. பாடகர் ஆக்சல் ரோஸ் சில பாடல்களைப் பாடினார். ஒலியமைப்பு சரியில்லை என்றார். குரல் ஒத்துழைக்கவில்லை என்றார். குறித்த நேரத்துக்கு வெகு முன்னதாகவே மேடையை விட்டு இறங்கிவிட்டார். அதன் பிறகு அரங்கின் உள்ளும் புறமும் கலவரம். காவல்துறையினரின் வண்டிகள் கவிழ்க்கப்பட்டன, கண்ணாடிகள் நொறுங்கின, பலர் காயமுற்றனர்.

ஒரே இரவு, ஒரே அரங்கு, ஒரே மக்கள். இருமுறை பாட்டு நின்றது. முதன்முறை நின்றபோது பொறுத்துக்கொண்ட அதே கூட்டந்தான், இரண்டாம் முறை நின்றபோது பொங்கி எழுந்தது. ஆக்சல் ரோசின் தொண்டை உண்மையிலேயே பழுதுற்றிருக்கலாம். அதை மறுக்க நமக்கு உரிமையில்லை. ஆயினும், கை வெந்தவரின் தோழர்கள் மக்களை மதித்து விளக்கம் தந்தார்கள்; குரல் நொந்தவர் மக்களைக் காக்கவைத்து, பின்பு கைவிட்டுச் சென்றார். விபத்தை மன்னிக்கத் தெரிந்த மக்களுக்கு அவமதிப்பை மன்னிக்கத் தெரியவில்லை. வண்டியைக் கவிழ்த்தது சரியென்று நான் வாதிட வரவில்லை. எவனோ ஒரு காவலரின் வண்டிக்கும் பாடகரின் தொண்டைக்கும் தொடர்பேது? ஆனால் ஒன்று விளங்குகிறது: பாட்டு நின்றதே குற்றம் என்று மக்கள் கருதுவதில்லை. எப்படி நின்றது, யாருக்காக நின்றது என்று பார்க்கிறார்கள்.

முதலில் விபத்தைக் கவனிப்போம்.

1972ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரத்து நடன அரங்கொன்றில், ஸ்டோன் த குரோஸ் என்னும் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி ஒலிவாங்கியைத் தொட்டார். மின்சாரம் பாய்ந்து மாண்டார். வயது 27. அந்த ஒலிவாங்கிக்குத் தரையிணைப்பு முறையாக இல்லை. ஊழ்வினையா அவரைக் கொன்றது? இணைக்கப்படாத ஒரு கம்பி கொன்றது. ஊழ்வினையைத் தடுக்க வழியில்லை என்பார்கள். கம்பியை இணைக்க எவ்வளவு நேரமாகும்?

அதைவிடக் கொடியது அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில், 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் இரவில் நடந்தது. வெஸ்ட் வார்விக் என்னும் ஊரில் 'ஸ்டேஷன்' என்ற பெயருடைய சிறிய இசை விடுதி. கிரேட் ஒயிட் என்ற குழு முதற்பாடலைத் தொடங்கிற்று. குழுவின் மேலாளர் மத்தாப்பு போன்ற தீப்பொறிக் கருவிகளைக் கொளுத்தினார். பொறி தெறித்தது; மேடையின் பின்சுவரில் ஒட்டியிருந்த நுரைப் பஞ்சு பற்றிக்கொண்டது. பார்த்தவர்களில் சிலர், தீயும் காட்சியின் ஒரு பகுதியென்றே முதலில் எண்ணினார்களாம்! சில நிமிடங்களில் விடுதி முழுவதும் கரும்புகை. நுழைந்த வாசலையே நோக்கி எல்லோரும் ஓடினர். வாசலில் ஒருவர்மேல் ஒருவர் வீழ்ந்து அடைந்து போயினர். 100 பேர் மாண்டனர். குழுவின் கிதார் கலைஞர் ஒருவரும் அவர்களில் அடக்கம்.

இதையும் விதி என்று எழுதிவிடலாமா? கணக்கெடுத்துப் பாருங்கள். அந்த நுரைப் பஞ்சு ஏன் சுவரில் இருந்தது? அண்டை வீட்டார் இரைச்சல் தாங்காமல் முறையிட்டதால், ஒலியைத் தடுக்க ஒட்டினார்கள். தீயைத் தாங்கும் பொருளை வாங்கி ஒட்டவில்லை. தீப்பொறிக் கருவிகளுக்கு அதிகாரிகளின் அனுமதி உண்டா? இல்லை. கூரையில் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு உண்டா? அதுவும் இல்லை. அத்தகைய அமைப்பு இருந்திருந்தால் தீ அடங்கியிருக்கும் என்பதை, அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனம் அதே போன்ற மேடையைக் கட்டி, தீ வைத்து, சோதித்துக் காட்டிற்று. நூறு உயிர்களுக்கும் கூற்றுவனின் ஓலை வரவில்லை, தோழர்களே! வாங்காத அனுமதி, பொருத்தாத குழாய், மலிவாகக் கிடைத்த பஞ்சு ஆகியவையே வந்தன.

அந்த மேலாளர் பின்னர் நீதிமன்றத்தில் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இறந்தோர் குடும்பத்தார்க்குத் தம் கைப்பட மடல்கள் எழுதினார். அவரைச் சிறையிலிருந்து முன்னதாக விடுவிப்பது பற்றிய கேள்வி எழுந்தபோது, பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பத்தாரிற் சிலரே அவருக்காகப் பரிந்து பேசினர். ஏன்? "என் செயலால் நேர்ந்தது" என்று ஒரு மனிதன் சொன்னான். விதியின் முதுகுக்குப் பின்னால் அவன் ஒளியவில்லை. மன்னிப்பு என்பது அத்தகைய இடத்தில்தான் முளைக்கும். "யாரும் காரணமில்லை" என்னும் பேச்சு இருக்கிறதே, அது மன்னிப்புக்குக்கூட இடம் வைப்பதில்லை. யாருமே காரணமில்லையென்றால் யாரை மன்னிப்பது?

இனி, சினத்தைக் கவனிப்போம்.

மாண்ட்ரியாலுக்கு ஓராண்டு முன்னதாக, 1991ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், செயிண்ட் லூயிஸ் நகரை அடுத்த அரங்கொன்றில் அதே ஆக்சல் ரோஸ் பாடிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருவன் ஒளிப்படக் கருவி வைத்திருப்பதைக் கண்டார். காவலர்களை நோக்கிக் கூவினார். பின்பு தாமே கூட்டத்துக்குள் பாய்ந்தார். மேடையேறி வந்து, ஒலிவாங்கியை எறிந்துவிட்டுப் போய்விட்டார். பாட்டு நின்றது, கலவரம் மூண்டது, பலர் காயமுற்றனர். படம் எடுக்கக்கூடாதென்ற விதி அங்கே இருந்தது. எனவே சட்டம் அவர் பக்கமே இருந்தது. ஆனால் கருவி வைத்திருந்தவன் ஒருவன். தண்டனை பெற்றவர் ஆயிரக்கணக்கானோர். வகுப்பில் ஒரு பையன் விசிலடித்தால் பள்ளிக்கூடத்தையே பூட்டிவிட்டுப் போகும் ஆசிரியனை நீங்கள் மேதையென்று கொண்டாடுவீர்களா?

உடன்பாடுவோருக்குள் எழும் பகை இன்னும் நுட்பமானது. எவர்லி சகோதரர்கள், டானும் ஃபில்லும், இளமையிலிருந்தே இணைந்து பாடியவர்கள். இரு குரல் ஒரு குரலாய் ஒலிப்பதே அவர்தம் புகழ். 1973ஆம் ஆண்டு ஜூலையில் கலிபோர்னியாவில் நடந்த நிகழ்ச்சியில் டான் குடித்துவிட்டு மேடையேறித் தடுமாறினார். ஃபில் பொறுத்துப் பார்த்தார். பின்பு கிதாரை எறிந்துவிட்டு வெளியேறினார். அதற்குப் பின் பத்தாண்டுகள் அவ்விருவரும் சேர்ந்து பாடவில்லை. 1983இல் இலண்டன் மாநகரின் இராயல் ஆல்பர்ட் மன்றத்தில்தான் மீண்டும் இணைந்தனர். 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், பாரிஸ் அருகே ஒயாசிஸ் குழு மேடையேற வேண்டிய வேளையில், திரைக்குப் பின்னே அண்ணன் நோயலும் தம்பி லியாமும் மோதிக்கொண்டனர், கிதார் உடைந்தது, குழுவும் உடைந்தது, கூடியிருந்தவர்களுக்குக் கிடைத்தது "நிகழ்ச்சி இல்லை" என்னும் அறிவிப்பு. அந்தச் சகோதரர்கள் மீண்டும் ஒரே மேடையில் நின்றது 2025 ஜூலையில். பாஸ்டன் நகரில் 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள், ஜேன்ஸ் அடிக்ஷன் குழுவின் பாடகர் பெர்ரி ஃபாரெல், பாட்டின் நடுவிலேயே கிதார் கலைஞர் டேவ் நவாரோவைத் தாக்கினார். நிகழ்ச்சி அத்தோடு முடிந்தது. எஞ்சியிருந்த பயணமும் கைவிடப்பட்டது.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிட்டுக் கேட்கக்கூடும்: "கலைஞன் என்ன அடிமையா? நுழைவுச்சீட்டு வாங்கியவன் அவன் குரலுக்குத்தானே விலை கொடுத்தான். உள்ளத்துக்கும் சேர்த்தா கொடுத்தான்? குடித்துத் தடுமாறும் அண்ணனுக்கு அருகே நின்று, சிரித்துக்கொண்டே பாட ஒருவனைக் கட்டாயப்படுத்தலாமா?"

கேள்வி நியாயமானது. கூலி வாங்கியதால் எவனும் தன்மானத்தை விற்றுவிட்டவன் ஆகான். ஃபில் எவர்லி அன்று வெளியேறியதை நான் குற்றமென்று கூறமாட்டேன். பிரிவதற்கு உரிமை உண்டு, உடன்பிறந்தார்க்கும் உண்டு. அடிப்பதற்கு உரிமை இல்லை. அது மேடையானாலும் இல்லை, தெருவானாலும் இல்லை. தொழிற்சாலையில் ஒருவன் உடன் உழைப்பவனை அடித்தால் வேலை போகும், வழக்கு வரும். மேடையில் அடித்தால் மட்டும் "உணர்ச்சிப் பெருக்கு" என்று பெயர் வருவானேன்? விளக்கு வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் ஒழுக்கத்தின் சட்டம் செல்லாதா? இது புதுவகைப் பிறவி உயர்வு. குலத்தின் பேரால் கேட்ட சலுகையைத் திறமையின் பேரால் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

"அப்படியானால், எது நேர்ந்தாலும் பாட்டு நிற்கக்கூடாது என்கிறீரா?" என்று அடுத்த கேள்வி வரும். மேலை நாட்டு மேடைக்காரர்கள் வழிவழியாக ஓதிவரும் மந்திரம் அது: என்ன வந்தாலும் நிகழ்ச்சி நடந்தே தீரவேண்டும்! மந்திரம் எதுவாயினும் ஐயுறுவதே அறிவு. இதையும் ஐயுறுவோம்.

1979ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் தி ஹூ என்னும் ஆங்கிலேயக் குழு பாட வந்தது. பெரும்பாலான இருக்கைகளுக்கு எண் கிடையாது, முந்தியவனுக்கே முன்னிடம். ஆகவே கடுங்குளிரில், கதவுகளின் முன்னே, பெருங்கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. திறக்கப்பட்ட கதவுகளோ மிகச் சில. நெரிசலில் மூச்சு முட்டி 11 பேர் மாண்டனர். உள்ளே இசை முழங்கிற்று! நிறுத்தினால் கூட்டம் கொதித்துக் கலவரமாகும், இன்னும் பலர் மிதிபடுவர் என்று அஞ்சி, நிகழ்ச்சியைத் தொடர அதிகாரிகள் முடிவு செய்தனர். குழுவினருக்கு நிகழ்ச்சி முடிந்த பிறகே செய்தி சொல்லப்பட்டது. அந்த நொடியில் அதிகாரிகள் எடுத்த முடிவு சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அப்படியொரு கொடிய தேர்வுக்கு அவர்களைக் கொண்டு வந்து நிறுத்தியது எது? பல மணி நேரத்துக்கு முன்பே எண்ணிடாமல் விற்ற சீட்டும், திறவாமல் வைத்த கதவும் அல்லவா?

டென்மார்க் நாட்டு ரோஸ்கில்ட விழாவில், 2000ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், பேர்ல் ஜாம் குழு பாடிக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் நெரிசல் மூண்டது. செய்தி எட்டியதும் பாடகர் எட்டி வெட்டர் பாட்டை நிறுத்தினார். எல்லோரும் பின்வாங்குங்கள் என்று மேடையிலிருந்து மன்றாடினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஒன்பது இளைஞர்கள் மாண்டனர். ஆயினும் அந்த மேடை, பாட்டைவிட மூச்சுப் பெரிதென்று ஒப்புக்கொண்டது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், 2021ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், டிராவிஸ் ஸ்காட்டின் நிகழ்ச்சியில் நெரிசலில் சிக்கி 10 பேர் இறந்தனர். அவர்களில் ஒன்பது வயதுச் சிறுவனும் ஒருவன். பேரிடர் என்று அதிகாரிகள் அறிவித்த பிறகும் அரைமணி நேரம் பாட்டு நடந்தது. மேடையில் நின்றவருக்கு எவ்வளவு தெரிந்தது என்பது வழக்கில் வாதிடப்பட்டது. குற்றவழக்குத் தொடரப் போதிய காரணமில்லையென்று நடுவர் குழு 2023இல் முடிவு செய்தது. சட்டம் தன் முடிவைச் சொல்லிவிட்டது. அறம் கேட்கிற கேள்வி மட்டும் எஞ்சி நிற்கிறது: பல்லாயிரம் பேர் கூடும் இடத்தில், "நிறுத்து" என்று சொல்லும் ஆளையும், அச்சொல் மேடைக்கு எட்டும் வழியையும் முன்கூட்டியே அமைக்காமல், ஒலிபெருக்கிகளை மட்டும் அமைத்தது எத்தகைய நாகரிகம்?

ஆக, நிறுத்துவது குற்றமாவதும் உண்டு. நிறுத்தாதது குற்றமாவதும் உண்டு. பிரித்தறிய அளவுகோல் எது? நிறுத்தினாலும் தொடர்ந்தாலும், அதன் சுமை யார் தோளில் விழுகிறது என்று பார்ப்பதே அந்த அளவுகோல். தன் சினத்தை ஆற்றிக்கொள்ள நிறுத்துகிறவன் சுமையைப் பிறர்மேல் ஏற்றுகிறான். பிறர் உயிர் காக்க நிறுத்துகிறவன் தன் புகழையும் வருவாயையும் இழந்து சுமையைத் தானே ஏற்கிறான். 2015ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், சுவீடன் நாட்டு கோத்தன்பர்க்கில், ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவின் டேவ் குரோல் மேடையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, நாற்காலியில் அமர்ந்து பாடி முடித்தார். மாண்ட்ரியாலில் வெந்த ஹெட்ஃபீல்டும் அதே திங்களில், கட்டுப்போட்ட கையோடு பாட வந்தார். அவருடைய கிதாரை வேறொருவர் வாசித்தார். யாருக்கும் தீங்கில்லை, நோவு தம்முடையது, தாமே விரும்பி ஏற்றது. பாராட்டுவோம்.

ஆனால் பாராட்டும்போதும் கண்ணைத் திறந்தே வைத்திருப்போம். 1973ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், சான்பிரான்சிஸ்கோ அருகே தி ஹூ குழுவின் முரசுக் கலைஞர் கீத் மூன், மயக்க மருந்தின் வேகத்தால் மேடையிலேயே சாய்ந்தார். தூக்கிச் சென்று தெளிவித்து, மீண்டும் கொண்டுவந்து அமர்த்தினர். மறுபடி சாய்ந்தார். "கூட்டத்தில் முரசு வாசிக்கத் தெரிந்தவர் உண்டா?" என்று பீட் டவுன்சென்ட் கேட்டார். ஸ்காட் ஹால்பின் என்ற 19 வயது இளைஞர் மேடையேறிச் சில பாடல்களுக்கு வாசித்தார். இன்றளவும் இதை இனிய கதையாகச் சொல்கிறார்கள். இளைஞரின் துணிவு இனியதே. ஆனால் தூக்கிச் செல்லப்பட்டவரை யார் நினைத்தார்கள்? ஐந்தாண்டுகளுக்குள், 1978இல், மாத்திரைகளை அளவுமீறி உட்கொண்டு, 32ஆம் வயதில் அவர் மறைந்தார். நிகழ்ச்சி நின்றுவிடவில்லை என்று மகிழ்ந்த கூட்டத்துக்கு, ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்த இடம் காலியாகி வருவது தெரியவில்லை. தெளிவித்து அமர்த்தியபோது கைதட்டியவர்கள், "இவரை வீட்டுக்கு அனுப்புங்கள், பாட்டு நாளை கேட்கிறோம்" என்று கூவியிருந்தால்?

இங்கேதான் நம் பங்கு வருகிறது. மேடைக்குக் கீழே இருப்பவனுக்கும் கடமை உண்டு. வியன்னா நகரில் 1913ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், ஷேன்பெர்க் நடத்திய இசை நிகழ்ச்சியில், புதுமுறை இசையைப் பொறாத அவையினர் கூச்சலிட்டுக் கைகலந்து, நிகழ்ச்சியையே நடுவில் முடித்துவைத்தனர். அன்று ஆல்பன் பெர்க் என்னும் இளைஞரின் பாடல்களுக்கிடையே கிளம்பிய அமளி அது. அப்பாடல் தொகுதி முழுமையாக அரங்கேறியது, 1935இல் அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பிறகே. பிடிக்காத பாட்டுக்கு எழுந்துபோகும் உரிமை கேட்போனுக்கு உண்டு. பிறர் கேளாதபடி தடுக்கும் உரிமை எங்கிருந்து வந்தது? அவையிலிருப்பவனின் ஆணவமும் ஆணவந்தான்.

இளைஞர்களே! படிப்பகத்தின் ஆண்டு விழாவானாலும், தெருமுனைக் கூட்டமானாலும், மேடை போடுகிறவர்கள் நீங்கள். பாடுவோரை அழைப்பதும் நீங்கள். பந்தலுக்கு மின்கம்பி இழுப்போரை அமர்த்துவதும் நீங்கள். மாலை வாங்குவதற்கு முன்பு, தரையிணைப்பு உண்டா என்று கேளுங்கள். கூட்டம் எவ்வளவு வருமென்று எண்ணுமுன், அது வெளியேற எத்தனை வழியென்று எண்ணுங்கள். "நிறுத்து" என்று சொல்ல ஒருவரை அமர்த்துங்கள். அவர் சொன்னால், பேசுகிறவர் எவ்வளவு பெரியவராயினும் நிறுத்தட்டும். பேச்சாளர் வரத் தவறினால், மக்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். "வந்துகொண்டே இருக்கிறார்" என்று பொய்யுரைத்துக் காக்கவைக்காதீர்கள். மேடையில் இருவர் பிணங்கினால், திறமையிற் பெரியவர் யாரென்று பாராமல், தவறு யாருடையதென்று பாருங்கள்.

இத்தனையும் செய்த பின்பும் ஒருநாள் பாட்டு நிற்கலாம். மழை வரலாம், தொண்டை கட்டலாம், மனித நெஞ்சம் முறியலாம். அப்போது எழுந்து நின்று, ஏன் நின்றது என்று மக்கள் முன்னே சொல்ல உங்களால் முடியவேண்டும்.